செத்த மிஷினை முதலில் காட்டுங்கள்

நான் முதன்முதலில் அந்த அம்மாள் கடைக்குப் போனபோது என் கையில் ஒரு மிக்ஸி இருந்தது. “ரிப்பேர்” என்றேன். அவர் அதை வாங்கிக் குப்புறக் கவிழ்த்து, அடியில் காற்றுப் போகும் துளையில் மூக்கை வைத்து மோந்தார். பிறகு நிமிர்ந்து என்னையும் மோந்து பார்ப்பதுபோல் பார்த்தார்.

“ரிப்பேரு இல்ல சார், செத்துப்போச்சு. எதுல செத்துதுன்னு தெரிமா?”

“தெரியாதுங்க.”

“ஊறாத உளுந்து.”

என் மனைவி படாளத்திலுள்ள அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். உளுந்தை எதற்கு நாலு மணி நேரம் ஊறப்போட வேண்டும், அரைமணி போதாதா என்று நான் அந்த இடைவெளியில் சுயமாகச் சிந்தித்திருந்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மிக்ஸியும் சொல்லியிருக்காது. ஆனால் மோந்து பார்த்த அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் எதிரில் பொய் சொல்வதை நான் பெரும்பாலும் தவிர்த்தேன்.

செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து பஜாருக்குப் போகும் வழியில் இருந்தது அந்தக் கடை. எரிந்துபோன மோட்டாரிலிருந்து பழைய செப்புக் கம்பியை அறுத்தெடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தரும் கடை. காயில் கட்டுவது என்பார்கள். எல்லோரும் அதைப் பாய் கடை என்றுதான் சொல்வார்கள். பாய் முன்பக்கம் உட்கார்ந்து ரசீது எழுதுவார், வருகிறவர்களுக்கு டீ சொல்லுவார், அரசியல் பேசுவார். வேலை தெரிந்தவர் பின்பக்கம், முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, ஒரு மின்விளக்கின் கீழே உட்கார்ந்திருந்த அவர் மனைவி. ஊர் அவரைக் காயில் அக்கா என்றது. அவரைவிட இருபது வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் ஆட்சேபித்ததில்லை.

கம்பி சுற்றும்போது உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். அப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு விரலை மட்டும் தூக்குவார். அந்த விரலுக்குச் செங்கல்பட்டில் மதிப்பு உண்டு. ஒருமுறை தாலுகா ஆபீசிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து, விரலைப் பார்த்த பிறகும், “இன்னாம்மா, என் பம்ப்பு இன்னிக்கு கெடைக்குமா கெடைக்காதா?” என்று குரலை உயர்த்தினார். அக்கா எண்ணுவதை நிறுத்தினார். அதுவரை சுற்றிய கம்பி முழுவதையும் நிதானமாக அவிழ்த்தார். “இது உங்க பம்ப்புதான் சார். நூத்தி நாப்பதுல இருந்தேன். இப்ப சைபர்ல கீறேன். அடுத்த வாரம் வாங்க” என்றார். பாய் அவசரமாக டீ சொன்னார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு கேள்விதான்: இது எதில் சாகும்? செத்துவிட்டதென்றால், எதில் செத்தது? வாழ்நாளெல்லாம் செத்த மோட்டாராகவே பார்த்தவருக்கு வேறு கேள்வி தோன்றாதது நியாயம்தான். சிக்கல் என்னவென்றால், அவர் அதை மோட்டாரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. புதிதாகத் திறந்த ஹோட்டலைப் பார்த்தால், “இது மொதலாளியோட அண்ணன் தம்பியால சாகும்” என்பார். அடுத்த வருஷம் ஹோட்டல் இரண்டு பங்காகிக் கல்லாவுக்கு நடுவே சுவர் எழும்பும். உறவில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது, எல்லோரும் படிப்பையும் சம்பளத்தையும் விசாரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் மாப்பிள்ளையைக் கால்மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, “புள்ள நல்ல புள்ள. ஆனா லோடு கொஞ்சம் ஏறினா சத்தம் போடும்” என்றாராம். அதன் பிறகு அவரை யாரும் பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் கூட்டிக்கொண்டு போவதில்லை. பாய் இதைச் சொல்லும்போது பெருமைப்படுகிறாரா வருத்தப்படுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

நான் எதில் போவேன் என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். அப்படிக் கேட்டது என் வாழ்வின் பெரிய பிழைகளுள் ஒன்று.

“நீங்களா சார்? நீங்க எரிய மாட்டீங்க.”

எனக்குள் ஒரு பூரிப்பு.

“லோடு எடுத்தாத்தானே எரியறதுக்கு?”

நான் அப்போது மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கொள்முதல் பிரிவில் குமாஸ்தா. குண்டூசி முதல் கிரேன் வரை எது வாங்கினாலும் மூன்று விலைப்புள்ளி வாங்குவது, அட்டவணை போடுவது, மிகக் குறைந்த விலைக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போடுவது என் வேலை. பொருளை நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் ஏற்பட்டதில்லை. இத்தகைய ஒருவரை நம்பித்தான் என் மச்சினன் தொழிலில் இறங்கினான்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. முப்பது வயது, ஒல்லி, வாய் மட்டும் பருமன். மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வெல்டராக இருந்தவன், கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்தி வரிசையாக ரிசார்ட்டுகள் முளைத்துக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில் வேலையை விட்டுவிட்டு, கிரில், கேட், கைப்பிடி செய்யும் கான்ட்ராக்டர் ஆனான். முதல் பெரிய வேலை, மாமல்லபுரத்துக்கும் திருவிடந்தைக்கும் நடுவே ஒரு ரிசார்ட்டில் கடலைப் பார்த்த மேடை முழுவதற்கும் இரும்புக் கைப்பிடி. அறுபத்திரண்டு கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் பத்து மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தகடு, தகட்டுக்கு நாலு ஓட்டை. தரையில் கொத்தனார் ஏற்கெனவே போல்ட்டுகளைப் பதித்துவைத்திருந்தார். கொத்தனார் பதித்த போல்ட்டும் எஞ்ஜினீயர் போட்ட படமும் இந்த நாட்டில் எங்கும் சந்தித்துக்கொண்டதில்லை. அதனால் பட்டறையில் வைத்து ஒரே அளவாகத் துளைக்க முடியாது. ஒவ்வொரு தகட்டையும் அதன் இடத்தில் வைத்து, குறி போட்டு, அங்கேயே கடலோரத்தில் துளைக்க வேண்டும். மொத்தம் இருநூற்று நாற்பத்தெட்டு ஓட்டை.

முப்பது ஓட்டையில் ஒரு டிரில்லிங் மிஷின் எரிந்தது. அடுத்த இருபத்தி மூன்றில் இரண்டாவதும் எரிந்தது. ரிசார்ட்டின் எஞ்ஜினீயர் வந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லாக் கம்பமும் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சென்னைப் பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று திங்கட்கிழமை.

“மாமா, கான்ட்ராக்ட் போச்சுன்னா நான் திரும்பக் கம்பெனி கேட்டாண்ட போய் நிக்கணும். அந்த வாட்ச்மேன் மூஞ்சியில எப்டி முழிப்பேன்?” என்றான் மச்சினன். அவன் அக்கா, என் மனைவி, என் முகத்தைப் பார்த்தாள். நான் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

புது மிஷின் வாங்குவதை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். வேறு எதற்குப் பிறந்தேன்? பஜாரில் மூன்று கடை ஏறி இறங்கி அட்டவணை தயாரித்தேன். வாட், எடை, உத்தரவாதம், நிமிடத்துக்கு எத்தனை சுற்று. நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றுகிற ஒன்றின் கீழே சிவப்புக் கோடும் போட்டுவிட்டேன். வேகமாகச் சுற்றினால் வேகமாக ஓட்டை விழும் அல்லவா? செவ்வாய்க்கிழமை காலை, எரிந்த இரண்டையும் காயில் கட்டக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கப் போகலாம் என்று அக்கா கடையில் நுழைந்தோம்.

அட்டவணையை மேஜையில் விரித்தேன். அக்கா அதன்மேல் ஒரு எரிந்த மிஷினை வைத்தார்.

“செத்ததைப் பாக்காம புதுசு வாங்கினா, அதுவும் அதுலயேதான் சாகும் சார்.”

ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே சுற்றுகிற உருளையான ஆர்மேச்சரை உருவி எடுத்தார். விளக்கின் கீழ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் கரியாக இருந்தது. மறுபக்கம் புதுப் பித்தளைக் குடம்போல் மின்னியது.

“இது மாட்டிகினு செத்துது. ஓட்டை அந்தாண்ட தொறக்கறப்ப தொளைக்கிற பிட்டு போய்க் கவ்விக்கும். அப்ப கைய எடுக்கணும். நீ இன்னா பண்ண தம்பி?”

“நல்லா ஏறி அமுத்தினேன் அக்கா.”

“இருக்கிற ஒடம்பு நாப்பது கிலோ. அத்தையும் அது மேலயே வெச்சிட்டியா?”

இரண்டாவதை உருவினார். இது சுற்றிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தது. அக்காவின் முகம் மாறியது. பரீட்சையில் நல்ல கேள்வி வந்துவிட்ட மாணவியின் முகம்.

“இது மாட்டிகினு சாவல. கரண்ட்டு பத்தாம செத்துது. மீட்டர் பெட்டிலேர்ந்து வேல நடக்கற எடம் எவ்ளோ தூரம்?”

“பெட்டி ரோட்டாண்ட. வேல கடல் ஓரம். ஒரு முந்நூறு அடி கீதும்.”

“இன்னா வயரு இழுத்தீங்க?”

மச்சினன் என்னைப் பார்த்தான். பாயும் ரசீதுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வயர் வாங்கியது நான். மூன்று விலைப்புள்ளியில் மிகக் குறைந்தது.

“வீட்டுல லைட்டுக்குப் போடற வயர்தான்...” என்றேன். “நல்ல கம்பெனி.”

“முந்நூறு அடி இந்த வயருல போனா கரண்ட்டு பாதி வழியிலயே களைச்சிப் பூடும் சார். மிஷினு மூச்சு வாங்கிகினு சுத்தும். சுத்தலியேன்னு இவன் இன்னும் அமுத்துவான். எரியாம இன்னா பண்ணும்? மூணாவது வாங்கினாலும் எரியும். முப்பது வாங்கினாலும் எரியும்.”

என் சிவப்பு மைக்குக் கீழே ஓர் உயிர். மேஜையில் கிடந்த அட்டவணையை மெல்ல மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அக்கா அதோடு விடவில்லை. எரிந்த மிஷினின் ஒயரைக் கை கையாக இழுத்து அதன் முனையைப் பிடித்துப் பார்த்தார். அங்கே பிளக் இல்லை. இரண்டு ஒயரின் தோலும் உரிக்கப்பட்டிருந்தது. மூன்றாவதான பச்சை ஒயர் ஒட்ட நறுக்கப்பட்டு, கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

“பிளக்கு இன்னா ஆச்சு?”

“அங்க மூணு பின்னு சாக்கெட் இல்ல அக்கா. அதான் ரெண்டு வயரையும் ஓட்டையில சொருகி, தீக்குச்சி வெச்சு டைட் பண்ணிடுவோம். சோக்கா நிக்கும். எல்லா சைட்லயும் அப்டித்தான்.”

“பச்ச?”

“அது எதுக்கு? அது இல்லாமலே ஓடுதே.”

அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். பாயிடம், “பாத்துக்கோங்க, வந்துட்டேன்” என்றார். அந்தக் கடையில் எனக்கு ஆறு வருஷப் பழக்கம். வேலை நேரத்தில் அவர் எழுந்து வெளியே போனதை அன்றுதான் பார்த்தேன். பாயும் அன்றுதான் பார்த்திருப்பார் போலிருக்கிறது. டீ சொல்ல மறந்துவிட்டார்.

ஹார்டுவேர் கடைக்காரர் எங்களுக்கு முன்னால் நடந்து வருவது யார் என்று பார்த்ததும் எழுந்து நின்றார். அது மரியாதை மட்டும் இல்லை.

“இன்னா அக்கா, நீயே வந்துட்ட? இங்க எல்லாம் புதுசுதான். எதுவும் இன்னும் சாவல.”

“சாவறதுக்கு முன்னாடி பாத்துக்கலாம்னு வந்தேன். மெதுவா சுத்தற பெரிய டிரில்லு எது கீது, எடு.”

“மெதுவாவா?” என்று நானும் மச்சினனும் ஒரே குரலில் கேட்டோம். நாங்கள் இருவரும் ஒத்துப்போன அபூர்வமான தருணங்களில் ஒன்று அது.

“பதினாறு மில்லி ஓட்டைய மூவாயிரம் சுத்துல போட்டா இரும்பு அறுக்காது, பிட்டுதான் நீலமாப் போயி மழுங்கும். முந்நூத்தம்பது, நானூறு சுத்து போதும். மெதுவா, ஆனா வுடாம சுத்தணும். கட்டடத்துக்கு செவுரு தொளைக்கிற மிஷினு வேற, இது வேற சார். அதுல தட்டற வேல இருக்கும், இதுக்குத் தட்டவே கூடாது.”

கடைக்காரர் உள்ளேயிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு கைக்குழந்தையின் கனம். அக்கா வாட் எவ்வளவு என்று பார்க்கவில்லை. உத்தரவாத அட்டையைப் பார்க்கவில்லை. உள்ளே உரசித் தேயும் கார்பன் கட்டைகளை மாற்றுவதற்கு வெளியிலேயே மூடி இருக்கிறதா என்று பார்த்தார். ஒயர் மிஷினுக்குள் நுழைகிற இடத்தை வளைத்துப் பார்த்தார். பக்கவாட்டுக் கைப்பிடியை மாட்டச் சொல்லி அதன் நீளத்தை முழங்கையால் அளந்தார். “இத்தப் புடிக்காம ஓட்டினா, பிட்டு கவ்வறப்ப மிஷினு நிக்கும், நீ சுத்துவ” என்றார் மச்சினனிடம். பிறகு சுவிட்சைப் போடச் சொல்லி ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, பல்சக்கரம் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் பார்ப்பதுபோல.

“நல்லா கீது” என்றார்.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. மச்சினன் குதூகலமாகிவிட்டான். உடம்பு முழுக்க அலுமினியம், வெள்ளியாக மின்னியது. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அக்கா குரலிலேயே கேட்டான்: “அப்ப இது எதுல சாகும் அக்கா?”

“இது சாவாது தம்பி. புடிச்சிகினு நிக்கிறவன் சாவான்.”

கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்.

“ஒடம்பு முழுக்க உலோகம். உள்ள எங்கனா வயரு தேஞ்சு ஒட்டிச்சுன்னா கரண்ட்டு நேரா உன் கைக்கு வரும். பச்ச வயரு இருந்தா அது வழியா மண்ணுக்குப் போவும். நீதான் பச்சைய நறுக்கிட்டியே? காலுல செருப்பு போடுவியா?”

“மணல்ல செருப்பு எதுக்கு அக்கா...”

“ஈர மணலு. உப்பு. வெறுங்காலு.” அவர் விரல் விட்டு எண்ணவில்லை, ஆனால் எண்ணியதுபோல் இருந்தது. “பிளாஸ்டிக்கு ஒற போட்டது வேணும். அதுல இந்த பயம் இல்ல.”

இதே வேகத்தில் பிளாஸ்டிக் உறை போட்டது சென்னையிலிருந்து வர வேண்டும், வியாழக்கிழமை சாயங்காலம் ஆகிவிடும் என்றார் கடைக்காரர். மச்சினனின் முகம் தொங்கியது.

“அக்கா, ரெண்டு நாள் போச்சுன்னா எல்லாமே போச்சு. இன்னும் நூத்தித் தொண்ணூத்தஞ்சு ஓட்டை கீது.”

அக்கா சற்று நேரம் மிஷினையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டில் எதை மாற்ற முடியும் என்று யோசிக்கிறார் என்று பட்டது.

“வேல நடக்கற எடத்துலேர்ந்து கடலு எவ்ளோ தூரம்?”

“இருவது அடி.”

“அப்புறம் எர்த்துக்கு எங்க போவணும்? மண்ணு ஈரமா, உப்பா, அல்லா குடுத்த மாதிரி கீது. ஆறடி இரும்புக் குழாய எறக்கு. பச்ச வயர அதுல முறுக்கிக் கட்டு. மீட்டர்லேர்ந்து தடி வயரு இழு, சார் வாங்க வேணாம், நீயே வாங்கு. தீக்குச்சி கூடாது, மூணு பின்னு பிளக்கு. ஃபியூஸ் கட்டையில இப்ப இன்னா கீது?”

“நாலஞ்சு இழை வயர முறுக்கி வெச்சிருக்கோம். அடிக்கடி போவக் கூடாது இல்ல?”

“போவணும்” என்றார் அக்கா. கடைக்குத் திரும்பியதும் ஒரு சுருளிலிருந்து மெல்லிய ஃபியூஸ் கம்பியில் இரண்டு முழம் நறுக்கி அவன் சட்டைப்பையில் அவரே வைத்தார். “ஒரே இழை. அதுக்கு மேல ஒண்ணு வெச்சேன்னு கேள்விப்பட்டேன், உன் மிஷின இனிமே கட்ட மாட்டேன்.”

அந்த அலுமினிய மிஷினையே வாங்கினோம். புதன்கிழமை காலை குழாயை இறக்கினோம். ஆறடிக் குழாய் ஈர மணலில் வெண்ணெயில் போவதுபோல் போனது. தடித்த வயரில் மிஷினின் குரலே வேறாக இருந்தது. செத்த இரண்டும் முனகிக்கொண்டு சுற்றின, இது தீர்மானமாகச் சுற்றியது. மெதுவாக, விடாமல். தகட்டிலிருந்து இரும்பு சுருள் சுருளாக முறுக்குப் பிழிவதுபோல் வந்தது. எனக்கும் ஒரு பதவி கிடைத்தது: ஓட்டையில் எண்ணெய் ஊற்றுகிறவன். என் பணிக்காலத்தில் ஒரு பொருள் உண்மையில் பயன்படுவதை நான் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. புதன் மாலைக்குள் எண்பத்தாறு. வியாழன் மத்தியானத்துக்குள் இன்னும் எழுபத்தெட்டு. மச்சினன் பாடிக்கொண்டே துளைத்தான். அடுத்த ரிசார்ட், அதற்கடுத்த ரிசார்ட், அப்புறம் கடப்பாக்கம் வரைக்கும் கடற்கரை முழுக்கத் தன் கைப்பிடிதான் என்றான்.

பாக்கி முப்பத்தொன்று இருக்கும்போது சாப்பிட உட்கார்ந்தோம். மிஷினை மேடை விளிம்பில் வைத்திருந்தான். கடல் அன்று கொஞ்சம் கோபமாக இருந்தது. ஓர் அலை மேடைச் சுவரில் மோதித் தண்ணீர் மேலே தெறித்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. மச்சினன் துண்டால் மிஷினைத் துடைத்தான். சாப்பிட்டு முடித்து, பிளக் செருகிய பலகையின் சுவிட்சைத் தட்டினான். ‘டப்’ என்று ஒரு சத்தம். ஃபியூஸ் போய்விட்டது.

ஓடிப் போய் ஒரு இழை கட்டிவிட்டு வந்தான். சுவிட்ச். டப்.

“இன்னா பேஜாரு இது! அக்கா குடுத்த கம்பி நூலு மாதிரி கீது, தாங்கல மாமா” என்று கத்தினான். மணி இரண்டரை. மறுநாள் நாலு மணிக்கு எஞ்ஜினீயர் வருவார்.

அப்போது நான் சிந்தித்தேன். என் சிந்தனையின் வரலாறு உங்களுக்குத் தெரியும். பச்சை ஒயர் இல்லாமல் மற்ற மிஷினெல்லாம் ஓடின. பச்சை ஒயர் கட்டிய பிறகுதான் ஃபியூஸ் போகிறது. ஆகவே? குழாயிலிருந்து பச்சை ஒயரை நானே கழற்றினேன். மச்சினன் மூன்றாவது இழையைக் கட்டிவிட்டு வந்து பிளக்கைச் செருகினான். ஃபியூஸ் போகவில்லை. “பார்த்தியா?” என்றேன். மிஷின் ஒரு பலகைமேல் கிடந்தது. அவன் வெறுங்காலோடு ஈர மணலில் நின்றபடி குனிந்து கையை நீட்டினான்.

நீட்டிய கை நின்றது.

“மாமா, அக்கா இன்னா சொல்லிச்சு? செத்தது எதுல செத்துதுன்னு பாக்கணும்னுச்சு இல்ல?”

“எது செத்தது? மிஷின் நல்லாத்தானே இருக்கு?”

“ஃபியூஸு செத்துதே. ரெண்டு தபா. அது எதுல செத்துது?”

சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்தான். ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்குமே, உள்ளே சின்ன விளக்கோடு, அதுதான். அதன் முனையை மிஷினின் வெள்ளி உடம்பில் வைத்தான். விளக்குச் சிவப்பாக எரிந்தது. கைப்பிடியில் வைத்தான். எரிந்தது. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலிலும் தெளிவாகத் தெரிந்தது.

நான் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். மச்சினன் மேடைப் படியில் உட்கார்ந்தான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருந்தாலும் அவன் காதில் விழுந்திருக்காது. அவன் அக்காவிடம், அதாவது என் மனைவியிடம், பச்சையைக் கழற்றியதை இன்றுவரை நான் சொல்லவில்லை. இதை அவள் படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு போனோம். அக்கா அதைத் திறந்தார். உள்ளே உப்புத் தண்ணீர். ஒயர் திரும்புகிற ஓரத்தில் தோல் தேய்ந்து ஓர் இடம் வெறும் செம்பாக இருந்தது. அதைச் சரிசெய்து உறை போட்டு, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நாலு குண்டு பல்பு எரியும் அவருடைய தகரப் பெட்டிக்குள் வைத்து உலர்த்தினார். எங்கள் கதையை முழுவதும் கேட்டார். பச்சையைக் கழற்றியது யார் என்று மட்டும் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

“ஃபியூஸு எங்க?” என்றார் மச்சினனிடம்.

“எது அக்கா?”

“எரிஞ்சுதே, அந்தக் கம்பி.”

“அத்த... மணல்ல வீசிட்டேன்.”

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தாலுகா ஆபீஸ் மனிதரிடம் காட்டியது கோபமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

“உனக்கு பதிலா செத்துது. அத்தை எடுத்துக்கூட பாக்காம வீசிட்டு வந்துட்டியா? மனுசன்தானே நீ?”

பாய் மெதுவாக எழுந்து போய் டீ சொன்னார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போய், பச்சை ஒயரைத் திரும்பவும் குழாயில் கட்டி, மிச்சமிருந்த முப்பத்தொன்றையும் துளைத்தோம். மச்சினன் ரப்பர் செருப்பு போட்டிருந்தான். நாலு மணிக்கு எஞ்ஜினீயர் வந்து, ஒரு கம்பத்தைப் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. இன்னொன்றில் தன் முழு எடையையும் சாய்த்தார். எடை கணிசமானது. கம்பம் அசையவில்லை. “அடுத்த பிளாக்குக்கும் நீயே அளவு எடுத்துக்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அடுத்த வாரம் மச்சினன் என்னைக் கூட்டிக்கொண்டு அக்கா கடைக்குப் போனான். ஒரு கடிதாசு மடிப்பைப் பிரித்து, அதிலிருந்த சின்னக் கம்பித் துண்டை மேஜையில் வைத்தான்.

“ரெண்டு நாளு மணல சலிச்சேன் அக்கா. கெடைச்சிடுச்சு.”

அக்கா அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து விளக்கின் கீழ் கொண்டுபோனார். ஒரு முனையைப் பார்த்தார். மறுமுனையைப் பார்த்தார்.

“எரிஞ்ச கம்பின்னா முனையில கடுகு மாதிரி உருண்டு நிக்கும். இது பிளேயர்ல வெட்டினது தம்பி.”

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். “நெஜமாவே தேடினேன் அக்கா. கடலு எடுத்துகினு பூடுச்சு.”

அக்கா அந்த வெட்டிய கம்பியைக் கடிதாசில் வைத்து மறுபடி மடித்தார். மடித்ததைத் திருப்பித் தரவில்லை.